இடது கைத் தழும்பு

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் பேத்தியும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமாக இருக்கிறவளால்தான் தூர தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, பெற்ற அப்பன் மேல் இப்படிச் சேற்றை வாரிப் பூச முடியும்.

அங்கே அச்சாகிற பத்திரிகை இங்கே கடைக்கும் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. நம் குடும்பக் கதையை நீ தொடராக எழுத ஆரம்பித்ததிலிருந்து வெள்ளிக்கிழமை என்றாலே மாமாவுக்கு ஒரு மிடுக்கு. குளித்து, தலை வாரி, நான் தேய்த்து வைத்த சட்டையைக் கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்துவிடுவார். சலவைக் கடையைச் சாத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டாலும் இஸ்திரி மேசை மட்டும் அங்கேயேதான் கிடக்கிறது. அதன் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்காருவார். கண் மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது.

"ம், படிம்மா. பாப்பா என்ன எழுதியிருக்கா?"

நான் அஞ்சாம் வகுப்பு. ஆனால் எங்கள் வாத்தியார் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். வாய் ஒரு வரியைப் படிக்கும்போது கண் அடுத்த வரியில் இருக்க வேண்டும் என்று பிரம்பால் தட்டிச் சொன்னவர். அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது. "அண்ணன் எதிர்த்துப் பேசினான்" என்று வாய் படித்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. "அப்பா கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் இடது கையில் வைத்து அழுத்தினார்."

படிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அந்தக் கை யாருடையது தெரியுமா உனக்கு? முப்பது வருஷம் நான் தலைக்கு அணையாக வைத்துப் படுத்த கை. கல்யாணமான புதிதில் இந்தத் தழும்பு ஏது என்று கேட்டேன். உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எதிர்ச் சுவரில் புதுப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்களாம். பெட்டி வலது கையில், கண் தெருவில். "யார் சட்டைடா கருகுதுன்னு மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். பார்த்தா என் கை!" இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காமல் அவர் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போய் வந்ததில்லை. செத்தும் போய்விட்டார். இப்போது வந்து நீ கதையை மாற்றுகிறாய்.

மாமா காத்துக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். ஒருநாள் பெருமழையில் கடை ஒழுகியது, அப்பா தன் சட்டையைக் கழற்றி ஊரார் துணி மூட்டைக்கு மேலே போர்த்திவிட்டு வெற்றுடம்போடு நனைந்துகொண்டு நின்றார் என்று சொன்னேன். நானே அசந்துபோனேன், அவ்வளவு அழகாக வந்தது.

மாமா கேட்டுவிட்டு, "அப்படியா செஞ்சேன்?" என்றார்.

"அப்படித்தான் போட்டிருக்கு மாமா."

"எனக்கு ஞாபகமில்லை. ஆனா பாப்பா எழுதி அச்சுல வந்திருக்கே. செஞ்சிருப்பேன்."

இதெல்லாம் புத்தகமாக வரப்போகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நல்ல புத்தியாகச் சொல்கிறேன். அந்தப் பகுதியை எடுத்துவிடு. அவர் காதில் அது விழக் கூடாது.

அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் கையுறை போட்டுக்கொண்டு வந்திருக்கலாம், அவ்வளவு சூடு.

முதல் ஐந்து வாரம் நான் என்ன எழுதினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா? வெந்நீர் அண்டா, கஞ்சி, நீலம், துணி மாறிப்போய் வந்த சண்டைகள், அம்மா யார் வீட்டுத் துணி என்று மோந்தே கண்டுபிடிப்பது. எல்லாம் உண்மை. ஒரு வாசகர் கடிதம் வரவில்லை. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "உங்க குடும்பத்துல எல்லாரும் நல்லவங்களாவே இருக்காங்களேம்மா, கதை எப்படி நகரும்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் தொடரை நிறுத்தப் போகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

போஸ்டரைப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட பையன் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அப்பன் சுட்ட பையன் கதை. அந்தப் பகுதி வந்த வாரம் பத்திரிகைக்குக் கடிதம் மூட்டை மூட்டையாக வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்து, தன் தோள்பட்டையைத் திறந்து காட்டி அழுதாள். அவளிடம் போய் "இது பொய்யம்மா, நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லச் சொல்கிறீர்களா?

அப்புறம் ஒன்று. மழையைப் பெய்ய வைத்தது யார்? நான் பொய் எழுதினேன் என்று நாலு பக்கம் திட்டுகிற அண்ணி, அதே மூச்சில் ஒரு பொய்யைக் கோர்த்து அப்பாவுக்குப் படித்திருக்கிறீர்கள். உங்களுடையது வெல்லப் பொய், என்னுடையது வேப்பம் பொய். வித்தியாசம் அவ்வளவுதான்.

எடுக்க முடியாது. அந்தப் பகுதி இல்லாவிட்டால் புத்தகத்துக்கு உயிரே இல்லை என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 24

நாத்தனாருக்கு,

வித்தியாசம் இருக்கிறது. என் பொய் இந்த முன்னறையில் பிறந்து அந்த நிமிஷமே செத்துவிட்டது. உன் பொய் வீட்டுக்கு வீடு போய் உட்கார்ந்திருக்கிறது. நான் பூசியது சந்தனம், கழுவினால் போய்விடும். நீ பூசியது தார்.

ஆனால் என் பொய்யும் சாகவில்லை என்று இப்போது தெரிகிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

கஞ்சி வந்திருந்தார். நம் கடையில் ஆயுசு முழுக்கக் கஞ்சி போட்டு, அந்தப் பேரோடேயே நிற்கிறாரே, அவர்தான். மாமா அவரைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக, "கஞ்சி, பாப்பா எழுதினதைப் படிச்சியா? மழையில நான் சட்டையைக் கழட்டிப் போர்த்தினேனே, உனக்கு ஞாபகமிருக்கா?" என்று கேட்டார்.

"மழையா? எந்த மழை முதலாளி?"

நான் கதவோரம் நின்று கண்ணைக் காட்டினேன். "என்னம்மா, கண்ணுல தூசியா? ஊதவா?" என்று என்னையே கேட்கிறார், மனுஷன். பிறகு அவர்பாட்டுக்கு, "மழையெல்லாம் வரல முதலாளி. அந்தக் கை விஷயம்தான் வந்துச்சு. என் மருமக படிச்சுக் காட்டினா. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு" என்றார்.

"எந்தக் கை?"

ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத் தன் சட்டைக் கையைச் சுருட்டினார். "இடது கைன்னு வேற எழுதியிருக்கு! தொழில் தெரிஞ்ச எவன் முதலாளி நம்புவான்? பெட்டியைப் பிடிக்கிறது வலது கை, வெந்து தொலையறது இடது கை. இதோ எனக்கு இருக்கு, பாருங்க. நம்ம கடையில நின்ன ஒவ்வொருத்தனுக்கும் இருக்கு. தம்பி போஸ்டரைப் பார்த்துக்கிட்டுச் சுட்டுக்கிட்டப்போ நான் பக்கத்துல நின்னேன். தண்ணி ஊத்தினதே நான்தான்!"

மாமா அந்த மேசையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், "கஞ்சி, நீ அன்னைக்கு வேலைக்கு வரல."

"வந்தேனே முதலாளி."

"வரல."

கஞ்சி என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். முதலாளி என்றால் உயிரை விடுகிற மனுஷன், வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து மாமா "படிம்மா" என்று கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை சட்டையும் போடுவதில்லை. இதற்கு மேல் உனக்கு என்ன உயிர் வேண்டும் புத்தகத்துக்கு?

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் முடியவில்லை.

நான் ஏன் அந்தக் கையைப் பிடித்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. யாரும் கேட்கமாட்டீர்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கை வெந்தது நான் பத்தாவது முடித்த விடுமுறையில். நல்ல மார்க். வகுப்பு டீச்சர் கடை வாசலுக்கே வந்து, "இவளை மேல படிக்க வைங்க" என்று கேட்டார். அப்பா பெட்டியை நிறுத்தக்கூட இல்லை. "பையன் கை வெந்து கிடக்கான் டீச்சர். துணி வாங்கிப் போட ஆள் வேணும்" என்றார். ஒரு மாசத்துக்குத்தான் என்று அம்மா என்னைச் சமாதானம் செய்தாள். அண்ணன் கை ஆறிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டு மறுபடியும் பெட்டியைப் பிடித்தார். என்னைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என்னோடு படித்தவர்களின் சீருடையை நான் எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்தேன், கல்யாணமாகி இந்தத் தேசத்துக்கு வரும்வரை.

முதலில் இதைத்தான் எழுதினேன், அண்ணி. ஆணையாகச் சொல்கிறேன். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, இதில் என்ன புதுசு என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. காட்டுவதற்கு என் மேல் ஒரு தழும்பும் இல்லை. அதனால் அண்ணன் கையை வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அப்பாவிடம் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். "பாப்பாவை நான் படிக்க வைக்காமப் போயிட்டேன்" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். அதை எழுதி அனுப்புங்கள். அந்தப் பகுதியை நானே என் கையால் கிழித்துப் போடுகிறேன். பதிப்பாளர் என்ன சொன்னாலும் சரி.

நாத்தனார்


ஏப்ரல் 14

நாத்தனாருக்கு,

பத்தாவதோடு நிறுத்தினார்கள் என்று உனக்கு இத்தனை வருஷம் நெஞ்சு வேகிறது. என்னை அஞ்சாவதோடு நிறுத்தினார்கள். நான் யார் கையைச் சுடுவது, சொல்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் கடிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்திருக்கிறார். வழியில் போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள். துக்கம் விசாரிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு வம்புக்கு வருகிறவர்கள்தான் எல்லோரும். நேற்று தெருமுனை மருந்துக் கடைக்காரர். "என்ன பெரியவரே, உங்க பொண்ணு என்னமோ எழுதியிருக்காங்களாமே, நிஜமா?"

"நிஜம்தான்."

"நீங்களா சுட்டீங்க?"

"நான்தான். எம்பொண்ணு பொய் எழுதுவாளா?"

நான் உள்ளேயிருந்து ஓடி வந்தேன். "மாமா, உங்க பிள்ளை என்கிட்ட சொல்லியிருக்காரு, தானே சுட்டுக்கிட்டேன்னு..." "கட்டிக்கிட்டு வந்த பொண்டாட்டிகிட்ட அப்பனைக் காட்டிக் கொடுப்பானா அவன்? அதான் உன்கிட்ட மாத்திச் சொன்னான். நீ உள்ள போம்மா" என்கிறார் மாமா. பார்த்தாயா? உன்னைக் காப்பாற்றுகிற அவசரத்தில், செத்துப்போன என் புருஷனைப் பொய்க்காரன் ஆக்கிவிட்டார். மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார், பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் பேத்தி இருக்கிறாளே, அவள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் கையில் தன் கையைக் கொடுப்பாள். அவர் விரலைத் தடவிப் பார்த்து, எந்த விரலில் மை, எந்த விரலில் பென்சில் கரி என்று சொல்லுவார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. நேற்று கையை நீட்டினார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அவருக்குத்தான் கண் தெரியாதே. கையை நீட்டியபடியே இருந்தார்.

அந்தக் கையை நான் மடக்கி விட்டேன்.

நீ கேட்ட வார்த்தையை நான் கேட்டு எழுதுகிறேன். ஒன்று மட்டும் யோசித்துப் பார். கேட்காமலேயே, "சொன்னார், அழுதார்" என்று நான் எழுதி அனுப்பினால் உனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் இப்போது கை பழகிவிட்டது.

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணி,

அச்சுக்கு இந்த மாசக் கடைசியில் போகிறது. அதற்குள் எழுதுங்கள்.

பொய் எழுதாதீர்கள். எழுதினால் எனக்குத் தெரியும். உங்களுக்குப் பொய் அழகாக வரும், நீங்களே சொன்னீர்கள்.

உங்கள் பேத்தியின் கையை எதற்குப் பின்னால் கட்ட விட்டீர்கள்? ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாமே, அது கதைதான் என்று.

அப்பாவிடம் மெதுவாகக் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அவராகச் சொல்ல வேண்டும்.

நாத்தனார்


ஏப்ரல் 27

நாத்தனாருக்கு,

இது அழகாக வராது. அதிலிருந்தே உண்மை என்று தெரிந்துகொள்.

நேற்றுச் சாப்பாடு ஆன பிறகு கேட்டேன். "மாமா, பாப்பாவைப் பத்தாவதோட நிறுத்திட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"யாரு நிறுத்தினா?"

"நீங்கதான். அவர் கை வெந்து கிடந்தப்போ கடையில நிக்க ஆளில்லைன்னு."

சிரித்தார். கஞ்சி வந்து போன பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். "போம்மா. படிக்காமலா இப்படி எழுதறா? ஊரே எடுத்துவெச்சுப் படிக்குது. அவ படிச்சவம்மா."

"கடைக்கே டீச்சர் வந்து கேட்டாங்களாமே?"

"டீச்சரா? ஆமா, டீச்சர் வீட்டுத் துணி வரும். துணியில நீலம் அதிகமாப் போச்சுன்னு ஒரு தரம் சண்டைக்கு வந்தாங்க. நல்ல மனுஷி."

நான் விடவில்லை. குரலை உயர்த்திக்கூடக் கேட்டேன். விடுமுறை, மார்க், ஒரு மாசம், சீருடை, நீ எழுதிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவர் தலையைச் சாய்த்து, யார் வீட்டுப் பெண்ணுக்கோ நடந்ததைக் கேட்கிற மாதிரி, "அடப் பாவமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒளித்து வைத்திருந்தால் தோண்டி எடுத்திருப்பேன். அவரிடம் அது இல்லை, நாத்தனாரே. செய்யாததை ஊரைக் கூட்டி ஒப்புக்கொள்கிற மனுஷனிடம் செய்தது இல்லை. என்னைத் திட்டு, அவரைத் திட்டு, என்ன வேண்டுமானாலும் செய். நீ கேட்ட வார்த்தை கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "அந்தக் கை விஷயத்தை நீ எனக்குப் படிக்கவே இல்லையே. எடு அதை" என்றார்.

"வேணாம் மாமா."

"படி."

சட்டை கேட்டார். தேய்த்துக் கொடுத்தேன். கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை எதையும் தாண்டவில்லை, சேர்க்கவும் இல்லை. நீ எழுதியதை எழுத்துக்கு எழுத்து படித்தேன். பெட்டியை அழுத்தின இடம், அண்ணன் கத்தினது, அம்மா சுவரில் தலையை மோதிக்கொண்டது, எல்லாம். நீ நன்றாகத்தான் எழுதுகிறாய். படிக்கும்போது எனக்கே அவர் மேல் ஆத்திரம் வந்தது.

முடித்ததும், "நல்லா எழுதியிருக்கா" என்றார். பிறகு, "கை இடதுன்னா போட்டிருக்கா?"

"ஆமா மாமா. அவருக்கு இடதுதானே."

"இடதுதான், எனக்குத் தெரியாதா? ஆனா கஞ்சி சொன்னதைக் கேட்டியில்ல? இடதுன்னு இருந்தா தொழில்காரன் சிரிப்பான். பையன் தானே சுட்டுக்கிட்டான்னு சொல்லிடுவான். எம்பொண்ணு பொய் எழுதினான்னு ஆயிடும். புத்தகமா வர்றதுக்கு முன்னாடி வலதுன்னு மாத்தச் சொல்லு. அப்பத்தான் நான் சுட்டேன்னு நம்புவாங்க."

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"மறந்துடாதம்மா. இன்னைக்கே எழுதிடு" என்றார்.

எழுதிவிட்டேன்.

அண்ணி